வயக்காட்டுக்குப் போன அம்பாப் பாட்டு

பாம்பன் தெற்குவாடிச் சிலுவைமுத்துவின் கைக்குக் கிளாரினெட் வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். வேதக்கோயில் பேண்டில் அதை ஊதிக்கொண்டிருந்தவர் கொழும்பில் கடை வேலை கிடைத்துக் கப்பலேறிவிட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க அது கோயில் அறைச் சுவரில் சும்மா தொங்கியது. பேண்டில் பெரிய டிரம் அடிக்கிற கில்பர்ட், சிலுவைமுத்துவின் மனைவி யாகப்பம்மாளுக்கு அண்ணன். ஒருநாள் அவன்தான் அதை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"மாப்ள, நீ கடலுக்குள்ள முங்கிச் சங்கு குளிச்ச ஆளு. ஒன்கிட்ட இருக்கிற மூச்சு இங்கன எவன்கிட்டயும் இல்ல. ஊதிப் பாரு."

சிலுவைமுத்து ஊதினான். முதல் ஒரு மாதம் பக்கத்து வீட்டு ஆடுகள்தாம் பதில் சொல்லின. பிறகு மெல்ல மெல்ல வசப்பட்டது. காதால் கேட்டதை விரல் கண்டுபிடித்துக்கொண்டது. திருவிழாப் பாட்டுகளும், வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாள நடைமெட்டு ஒன்றும் கற்றுக்கொண்டான். வருஷத்துக்கு ஒரு முறை சப்பரத்துக்கு முன்னால் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஊதுவான். மற்ற நாளெல்லாம் கரைவலை.

கரைவலை என்றால் கடலுக்குள் அரை வட்டமாக வலையை வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பது. கயிற்றை இடுப்போடு அணைத்துப் பிடித்து, கடலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் அடி வைத்து வர வேண்டும். ஒருவன் ஒரு வரி எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் "ஏலேலோ" என்று திருப்பிச் சொல்வார்கள். அதற்கு அம்பா என்று பெயர். பாம்பனில் யாரும் அதைப் பாட்டு என்று எண்ணியதில்லை. பாட்டு என்றால் கோயிலில் பாடுவது, இல்லாவிட்டால் சினிமாவில் வருவது. அம்பா, கயிறும் துடுப்பும் போல ஒரு தொழில் சாமான். கரை ஏறியதும் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். திருவிழா அன்று சாயங்காலம், கப்பல் போவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து வந்த ரயில் பாம்பன் ஸ்டேஷனிலேயே வெகுநேரம் நின்றுவிட்டது. தகப்பனாருக்குத் திதி கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய விவசாயி கால் ஆற இறங்கி நடந்தவர், பேண்டுச் சத்தம் கேட்டுத் தெருவுக்குள் வந்தார். நயினார்கோவிலுக்குக் கிழக்கே வாகையேந்தல் என்ற ஊர்க்காரர், உக்கிரபாண்டி என்று பெயர். சப்பரம் நிலைக்கு வந்த பிறகு சிலுவைமுத்துவிடம் நேரே வந்தார்.

"ஏப்பா, என் மக பூமயிலுக்கு வைகாசியில கலியாணம். மேளக்காரங்க இருக்காக, அது தாலி கட்டுறதுக்கு. ஊர்வலத்துக்குப் பேண்டு வேணும். எங்க பக்கத்துல இதுவரைக்கும் ஒருத்தனும் பேண்டு வச்சதில்ல. வாரீகளா?"

"வாரோம் அய்யா."

"சினிமாப் பாட்டு வாசிப்பீகள்ல?"

சிலுவைமுத்து வாயைத் திறக்கும் முன்னே கில்பர்ட் முந்திக்கொண்டான். "அதெல்லாம் ஜோரா வாசிப்போம்."

பேண்டில் ஒருவருக்கும் ஒரு சினிமாப் பாட்டும் தெரியாது.

அதற்காகவே சிலுவைமுத்து ரயிலேறிப் பரமக்குடி போனான். அங்கே கொட்டகையில் ஓடிய படத்தை இரண்டு சாயங்காலம் மணலில் உட்கார்ந்து பார்த்தான். படத்தில் ஒரு வணிகன் வெளியூர் போயிருக்கிறான். அவன் வண்டி வருகிறதா என்று மனைவி மாடத்தில் நின்று பாடுகிறாள். பாட்டு துள்ளலாகத் தொடங்கும். இடையில் தாளம் நின்றுபோகும், அவள் குரல் மட்டும் ஒரு வீணையோடு இழையும். பிறகு தூரத்தில் வண்டிச் சலங்கை கேட்க, பாட்டு மறுபடி துள்ளும். ஊர் திரும்புகிற வழியெல்லாம் அதையே வாய்க்குள் முனகிக்கொண்டு வந்தான். எதிரில் இருந்தவர், பல்வலிக்குக் கிராம்பு நல்லது என்று சொல்லிவிட்டு மண்டபம் ஸ்டேஷனில் இறங்கிப் போனார்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒத்திகை. முதல் பகுதி சுலபமாக வந்தது. தாளம் நிற்கிற இடம் வந்ததும் கில்பர்ட் கோலைத் தூக்கிய கையோடு நின்றான்.

"இங்கன நான் என்னத்த அடிக்க?"

"ஒண்ணும் அடிக்கக் கூடாது மச்சான். அங்கன அவ தனியா நின்னு அழுவுறா."

"அவ நின்னு அழுவட்டும். ஊர்வலத்துல போறவன் நடக்கணுமே. அழுகைக்கு எப்படிக் கால் எடுத்து வைப்பான்?"

கேள்வி நியாயமானது. ஊர்வலம் என்றால் கால் நிற்கக் கூடாது. இரண்டு நாள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் கில்பர்ட் சலித்துப்போய், கேலியாக அம்பாவுக்கு உண்டான தாளத்தை டிரம்மில் அடித்து, கரையில் எடுத்துக் கொடுக்கிற மாதிரியே கத்தினான்:

"தென்கடலுக்குப் போனவன…"

"ஏலேலோ!" என்றார்கள் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே.

"திருப்பி இழுடா தங்கமே…"

"ஏலேலோ!"

சிலுவைமுத்துவின் விரல்கள் அவனைக் கேட்காமலே அந்த மெட்டைப் பிடித்தன. பாட்டு எந்த ஸ்வரத்தில் அறுந்ததோ அதே ஸ்வரத்தில் அம்பா வந்து ஒட்டிக்கொண்டது. நாலு வரி ஓடி, மறுபடி சினிமாப் பாட்டின் துள்ளலுக்குள் போய் விழுந்தபோது எல்லாரும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"மறுபடி வாசி," என்றான் கில்பர்ட்.

வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அருளானந்தம் எழுந்து வந்தார். கரைவலைக்கு அவர்தான் தண்டல், அதாவது ஆட்களை நடத்துகிற தலைவர். சிலுவைமுத்துவுக்குச் சித்தப்பா முறை.

"ஏலே, இது என்னலே கூத்து? இது கயிறு இழுக்குறப்ப மூச்சு முட்டாம இருக்கப் போடுற கூப்பாடு. இதப் போயி மேக்க கலியாண வீட்டுல ஊதப் போறீகளா? ஏற்கெனவே நம்மளக் கண்டா மூக்கப் பொத்துறான். இதையும் கேட்டான்னா சிரிச்சே சாவான்."

சிலுவைமுத்துவுக்கு அது உறைத்தது. சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் பெண்கள் பக்கத்தில் வந்தால் ரயிலில் ஆட்கள் தள்ளி உட்காருவதை அவன் பார்த்திருக்கிறான். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் ராமேஸ்வரம் பக்கம் என்றுதான் சொல்லுவான். ஆனால் கலியாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. வேறு வழியும் தோன்றவில்லை.

வாகையேந்தலில் பேண்டுக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கியபோதே ஒரு வாண்டு, "கருவாட்டு வாடை அடிக்குது," என்றது. அதன் தாய் அதை அதட்டினாள். ஆனால் அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் அதட்டினாள். சிலுவைமுத்து தலையைக் குனிந்துகொண்டு கிளாரினெட்டின் பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தினான்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் வில்வண்டியில் ஏறினார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் தலைக்கு மேலே போயின. பேண்டு முதலில் அந்த நடைமெட்டை வாசித்தது. சனம் மரியாதையாகக் கேட்டது, அவ்வளவுதான். பிள்ளையார் கோயில் முக்கு திரும்பியதும் சிலுவைமுத்து சினிமாப் பாட்டை எடுத்தான். முதல் நாலு வரிக்குள்ளேயே பையன்கள் முன்னால் ஓடிவந்துவிட்டார்கள். அந்த இடம் வந்தது. கில்பர்ட் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். பேண்டுக்காரர்கள் "ஏலேலோ" என்றார்கள், கொஞ்சம் பயந்த குரலில்தான்.

இரண்டாவது "ஏலேலோ" பேண்டிலிருந்து மட்டும் வரவில்லை. பக்கத்தில் வந்துகொண்டிருந்த கட்டைக் குரல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. உக்கிரபாண்டியின் அக்கா வெள்ளையம்மாள். நடவுப் பெண்களுக்கெல்லாம் தலைமை அவள்தான். எங்கேயும் யாராவது ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் பின்பாட்டுச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. மூன்றாவதற்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். நாலாவதற்குத் தெருவே சொன்னது. அன்றைக்கு ஊர்வலம் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பாட்டை எத்தனை முறை வாசித்தார்கள் என்று கில்பர்ட்டுக்குக் கணக்கு இல்லை. மறுநாள் முழுக்க அவனுக்குக் குரலே இல்லை.

கிளம்பும்போது வெள்ளையம்மாள் வண்டிக்கு அருகே வந்து கேட்டாள், "தம்பி, நீங்க எந்த ஊருன்னீக?"

"பாம்பன் ஆத்தா," என்றான் சிலுவைமுத்து. வழக்கமான பதில் அன்றைக்கு ஏனோ வாயில் வரவில்லை.

அடுத்த கார்த்திகையில் உக்கிரபாண்டியின் பங்காளி வீட்டுக் கலியாணத்துக்குப் பேண்டு மறுபடி போனது. மழை பெய்து வண்டிப்பாதை சேறாகிவிட்டதால் கண்மாய்க்கரையோரம் நடந்தார்கள். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்த முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளையம்மாளின் குரல் கேட்டது:

"ஏ புள்ளைகளா, நேரமாச்சு. பாம்பன் போடுங்கடி!"

சிலுவைமுத்து நின்றுவிட்டான். அவளுக்கு எதிரே யாரும் இல்லை, தன்னைக் கூப்பிடவும் இல்லை. பாட்டுக்கே அப்படித்தான் பெயராகிவிட்டது என்பது விளங்கச் சற்று நேரமாயிற்று. பெண்கள் எடுத்தார்கள். சினிமாப் பாட்டின் துள்ளல் முதலில் வந்தது. வார்த்தைகளை மாற்றியிருந்தார்கள். வணிகனின் வண்டிக்குப் பதில் மழைக்காகக் காத்திருந்தார்கள். பிறகு அம்பா வந்தது. அதை மட்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்திருந்தார்கள். அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் "தென்கடலுக்குப் போனவன" என்று முழங்காலளவு சேற்றில் நின்று கூப்பிட்டார்கள்.

கில்பர்ட் அவன் தோளைத் தொட்டான். "மாப்ள, காலைப் பாரு."

ஒவ்வொரு "ஏலேலோ"வுக்கும் அந்த வரிசை முழுவதும் ஓர் அடி பின்னால் வைத்தது. நாற்று நடுகிறவர்களும் பின்னால்தான் நகர வேண்டும், நட்டதை மிதிக்காமல். கயிறு இழுக்கிறவன் மாதிரியேதான். கரையில் மூச்சுப் பிடித்துச் சொல்வதை இங்கே இன்னும் நிதானமாகச் சொன்னார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற சாமான் என்று சிலுவைமுத்து எண்ணியிருந்த ஒன்றை, இத்தனை மைலுக்கு அப்பால் யாரோ கண்ணுங்கருத்துமாக எடுத்து வைத்திருந்தார்கள். பெருமையா கூச்சமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலை அவனுக்கு.

ஊர் வந்து இதைச் சொன்னபோது அருளானந்தம் முதலில் நம்பவில்லை. பிறகு, "முழுசுமா சொல்றாளுக? ஒரு வரியும் விடலையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்த வாரம் கரைவலையில் அவர் கொஞ்சம் நிறுத்தி, திருத்தமாக எடுத்துக் கொடுத்தார் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

வருஷங்கள் போயின. பாம்பன் பேண்டு என்றால் நயினார்கோவில் வட்டாரத்தில் தெரியாத வீடு இல்லை என்று ஆயிற்று. உக்கிரபாண்டியின் மகன் செல்லச்சாமிக்குக் கலியாணம் வைத்தபோது பேண்டோடு மைக்செட்டும் வந்தது. பரமக்குடி மலையாண்டி சொந்தமாக வைத்திருந்தது. வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, பேட்டரியை இணைத்து, காலையிலேயே இசைத்தட்டுப் போடத் தொடங்கிவிட்டான். பேண்டுக்காரர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டு வந்தது. ஊரே காதைத் தீட்டிக்கொண்டது. பாட்டு ஓடி முடிந்ததும் வெள்ளையம்மாள் மலையாண்டியிடம் போய் நின்றாள்.

"ஏலே மைக்செட்டு, பாட்டை ஏன் அறுத்துப்புட்ட?"

"அறுக்கலையே ஆத்தா. முழுசும்தான் ஓடுச்சு."

"எங்க ஓடுச்சு? நடுவுல எவளோ இழுத்துக்கிட்டுக் கெடக்குறா. பாம்பனைக் காணோமே."

"இது சினிமாப் பாட்டு ஆத்தா, இதுல ஏது பாம்பன்?"

"நாங்க இத்தன வருசமா பாடுறது எங்களுக்குத் தெரியாதாக்கும்? ஒன் தட்டு தேஞ்சுபோச்சு."

மலையாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. புதுத் தட்டு, உறையைக் கிழித்தே இரண்டு நாள்தான் ஆகிறது என்றான். நடவுப் பெண்கள் எல்லாரும் வெள்ளையம்மாள் பக்கம் நின்றார்கள். தட்டில் குறை, இல்லாவிட்டால் இவன் ஊசியில் குறை என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். உக்கிரபாண்டி சிலுவைமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ சொல்லு சிலுவை. இவன் தட்டுல பாட்டு சரியா இருக்கா, இல்லையா?"

கொட்டகை மணலில் கேட்டதற்குப் பிறகு சிலுவைமுத்துவும் அந்தப் பாட்டை அசலாகக் கேட்டதில்லை. காலையில் இட்லியும் பேச்சுமாகக் காதில் சரியாக விழவும் இல்லை. "இன்னொரு தடவ போடுங்க, கேட்டுட்டுச் சொல்றேன்," என்றான்.

குழாய்க்கு நேர் கீழே போய் நின்றான். துள்ளல் வந்தது, தெரிந்த மெட்டுதான். பிறகு தாளம் நின்றது. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் மேலேறி, இறங்க இடம் தெரியாமல் சுற்றி, ஒரு பெருமூச்சில் அடங்கியது. இத்தனை வருஷமாகத் தாங்கள் வாசித்ததில் இவள் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவன் மனசில் பட்டது. அவள் நிற்கிற இடத்தில் ஆண்களைக் கொண்டுவந்து நிறுத்திக் கயிறு இழுக்க வைத்துவிட்டோம். கடலில் காற்று திரும்பிய நாட்களில், இருட்டத் தொடங்கிய கரையில் கைக்குழந்தையோடு நின்ற யாகப்பம்மாளின் உருவம் நினைவுக்கு வந்தது. படகிலிருந்து பார்க்க அவள் ஒரு கோடு மாதிரித் தெரிவாள்.

"தட்டு சரியாத்தான் இருக்கு ஆத்தா," என்றான். "அந்த எடத்துல ஒரு பொம்பள புருசனுக்குக் காத்து நிக்கிறா. நடக்கத் தோதுப்படலைன்னு நாங்கதான் எங்க கரைவலை அம்பாவ அங்கன வச்சோம்."

கூட்டம் கொஞ்சம் திகைத்தது. யாரும் இதுவரை கேட்டதில்லை, அவனும் சொல்லாமல் மறைத்ததில்லை. வெள்ளையம்மாள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப, நீங்க வச்சது இவன் தட்டுல இல்லாதது கொறைதானே?"

மலையாண்டிகூடச் சிரித்துவிட்டான்.

சாயங்காலம் ஊர்வலம். அதே பாட்டு. அந்த இடம் வந்ததும் கில்பர்ட் கோலை ஓங்கினான். சிலுவைமுத்து கையைக் காட்டித் தடுத்தான். பேண்டு நின்றது, வண்டி நின்றது, விளக்குக்காரர்கள் நின்றார்கள். என்னவோ ஏதோ என்று சனம் எட்டிப் பார்த்தது. அவன் தனியாக ஊதினான். காலையில் கேட்டதில் எவ்வளவு நினைவிருந்ததோ அவ்வளவு. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. மூன்றாவது மூச்சு நீண்டுகொண்டே போய், தாங்க முடியாது என்ற இடத்தில் கில்பர்ட்டைப் பார்த்துத் தலையசைத்தான். டிரம்மில் அடி விழுந்தது. "தென்கடலுக்குப் போனவன…" என்று அவன் கூப்பிட்டபோது, காத்து நின்றவளுக்கே பதில் சொல்வது போல இருந்தது. ஏலேலோ என்று தெருவெல்லாம் எழுந்தது. கால்கள் மறுபடி நகர்ந்தன.

"இது இத்தன நாளும் எங்கன இருந்துச்சு தம்பி?" என்றாள் வெள்ளையம்மாள் வீட்டு வாசலில்.

"தட்டுலதான் ஆத்தா."

"மைக்செட்டுக்காரன் பொழச்சான் போ," என்றாள் அவள்.

ஊர் திரும்பிய மறுநாள் சிலுவைமுத்து அதை வீட்டில் ஊதிப் பழகிக்கொண்டிருந்தான். வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த யாகப்பம்மாள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்ன பாட்டு இது?"

"சினிமாவுல வருது. புருசன் வரலைன்னு ஒரு பொம்பள நின்னு பாடுறா."

"எத்தன நாளா வரலையாம்?"

சிலுவைமுத்து படத்தை நினைவுபடுத்திப் பார்த்தான். "ஒரு ராத்திரி. விடியுறதுக்குள்ள வந்துருவான்."

யாகப்பம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஒரு ராத்திரிக்கா இவ்வளவு அழுகை? அப்ப நாங்கள்லாம் பாட ஆரம்பிச்சா தாங்குமா இந்த ஊரு?"

அவள் பாட்டுக்கு நெத்திலியைத் திருப்பிப் போடத் தொடங்கிவிட்டாள். அவனுக்குத்தான் கிளாரினெட்டை உடனே வாயில் வைக்க முடியவில்லை. அவள் சொன்னதை வெகுநேரம் மனசில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு எடுத்து மறுபடி ஊதினான். சுற்றிச் சுற்றி மேலேறுகிற குழைவை விட்டுவிட்டான். சினிமாவில் அவள் விசும்புகிற இடத்தில் ஒரே ஸ்வரத்தை நேராக, அசையாமல் பிடித்து நிறுத்தினான், கரையில் ஒருத்தி நிற்கிற மாதிரி.

"இப்ப?" என்றான்.

அவள் நிமிரவில்லை. "இப்பச் சரி," என்றாள்.

அந்த வருஷத் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் பேண்டு அதைத்தான் வாசித்தது. கோயில் பாதிரியாராகப் புதிதாக வந்திருந்த பங்குச்சாமி, இது எந்தப் புனிதர் மேல் பாடும் பாட்டு என்று விசாரித்தார். நம்ம ஊர்ப் பாட்டு சாமி என்றார் அருளானந்தம், ஒரு சிரிப்பும் இல்லாமல்.